முன்சக்கரத்தின் மேல் போட்ட பழி

ஆறு சக்கரம் உள்ள மினி லாரிக்கு இரண்டே இரண்டு புது டயர் வாங்கி, அவற்றைப் பின்னால் மாட்டச் சொன்ன ஆள் நான். இத்தனை நாள் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஏதோ ஒரு மேல்நாட்டுக் கட்டுரையில் அப்படித்தான் போட்டிருந்தது. புது டயர் எப்போதும் பின்னால்தான் போக வேண்டும், முன்னால் மாட்டுகிறவர்கள் விஷயம் தெரியாதவர்கள். படித்த சூட்டோடு பென்னாகரம் சாலையில் இருக்கும் டயர் கடைக்குப் போய், சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த கடைக்காரருக்கு வகுப்பு எடுத்தேன். ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். என் வயதுதான் அவருக்கும். நட்டுக் கழற்றும் பானாவைக் கீழே வைத்துவிட்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"சரிங்க சார். பின்னாடி நாலு இருக்குது. எந்த ரெண்டுக்குங்க?"

அந்தக் கட்டுரை கார்களைப் பற்றியது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்காகப் படித்தவன் பின்வாங்கிவிட முடியுமா? "உள்பக்கம் இருக்கற ரெண்டுக்கும்" என்றேன், வெகுநாள் யோசித்து வைத்திருந்தவன் போல.

"ஆவட்டுங்க" என்றார். சொல்லிவிட்டு இரண்டையும் முன்னால் மாட்டினார். முன்னால் இருந்த மொட்டை டயர் இரண்டும் பின்னால் போயின. நான் அதைக் கவனிக்க நான்கு நாள் ஆனது. கவனித்த பிறகும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் விளக்குவார், எனக்குப் புரிந்துவிடும் என்கிற பயம்.

வண்டி என் மனைவியுடையது. பென்னாகரத்துக்கு இந்தப் பக்கம் அவள் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாள். தக்காளி, கத்தரி, மிளகாய், பட்டம் பார்த்துச் சாமந்தி. பச்சை நிழல்வலைக்கு அடியில் வரிசை வரிசையாகக் குழித்தட்டுகள். ஒரு தட்டில் தொண்ணூற்றெட்டு குழி, குழிக்கு ஒரு நாற்று, எல்லாம் காலை வழிபாட்டுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் போல ஒரே உயரத்தில். நான் தருமபுரியில் ஒரு கல்லூரியில் நூலகர். பண்ணையைப் பொறுத்தவரை எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. கத்தரி நாற்றையும் மிளகாய் நாற்றையும் அருகருகே வைத்துக் கேட்டால் இன்றும் கூட்டத்தில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். ஒருநாள் நாற்றுக்குத் தண்ணீர் விடச் சொன்னாள். அதன் பிறகு சொல்லவில்லை.

எனக்கென்று அங்கே இருந்த ஒரே வேலை வண்டி ஓட்டுவது. விடுமுறை நாட்களில் காலையில் வெயில் ஏறுவதற்குள் ஏரியூர்ப் பக்கம் போய் நாற்றை இறக்கிவிட்டு வர வேண்டும். வண்டிக்கு வயது பதினாறு. கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் சாத்தும். ஹாரனைத் தவிர மற்ற எல்லாமே சத்தம் போடும் என்று ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டே, எங்கள் வண்டியில் ஹாரனும் சேர்ந்து போடும். ஆனாலும் அதன் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்காரும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேருக்கு உபயோகமான ஒரு காரியம் செய்கிறேன் என்று எனக்குத் தோன்றும். புத்தகம் கொடுத்து வாங்குகிற உத்தியோகத்தில் அது தோன்றுவதில்லை. புத்தகம் கேட்டு யாராவது வந்தால்தானே.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகிற வழியில் கரடும் புளியமரமுமாக வரும் ஓரிடத்தில் கைப்பேசிக்கு சிக்னல் போய்விடும். இருபது நிமிடம் கழித்துத்தான் திரும்ப வரும். என் மனைவியின் கைப்பேசி அவள் விழித்திருக்கும் நேரமெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கிற ஒன்று. நாற்று வேரழுகல், இலைச்சுருட்டு, மழை வருமா, நாளைக்கு நடலாமா என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார். வீட்டில் அவளிடம் நான் ஒரு வாக்கியம் தொடங்கினால், முடிப்பதற்குள் இரண்டு விவசாயிகள் குறுக்கே வந்துவிடுவார்கள். அந்த இருபது நிமிடம் மட்டும் அவளை யாரும் கூப்பிட முடியாது. பக்கத்தில் இருக்கிறவன் நான் ஒருவன்தான். வேறு வழியில்லாமல் என்னிடம் பேசுவாள். முந்தின வாரம் கண்ட கனவு, பெங்களூரில் வேலையில் இருக்கும் மகள் சொன்னது, சின்ன வயதில் அப்பாவின் டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்க் கிணற்று மேட்டில் ஏற்றி நிறுத்தியது, எல்லாம் அந்த இருபது நிமிடத்தில் வந்தவைதான்.

சம்பளத்துக்கு ஒரு டிரைவர் வைத்துவிட்டால் இதெல்லாம் முடிந்தது. டிரைவர் விவரம் தெரிந்தவராக இருப்பார். அவள் கூடப் போக வேண்டிய அவசியமே இராது. எந்தத் தட்டு யாருக்கு என்று எனக்குத் தெரியாததால்தான் அவள் என்னோடு வந்துகொண்டிருந்தாள். என் அறியாமையால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

அதனால்தான் பொங்கலுக்குப் பிறகு ஸ்டியரிங் ஆட ஆரம்பித்ததும் நான் அப்படிப் பதறினேன்.

முதலில் வண்டி வேகம் பிடிக்கும்போது மட்டும் உதறியது. அது உண்மையான உதறல்தான்; கண்ணாடி, கதவு, என் பல் எல்லாம் சேர்ந்து ஆடின. முன் டயர் இரண்டும் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தன. அதற்குத்தான் நான் முதலில் சொன்ன அந்த இரண்டு புது டயர். மாட்டிய பிறகு பல் ஆடுவது நின்றது. ஆனால் ஸ்டியரிங் மட்டும் என் கையில் மெல்ல நடுங்கிக்கொண்டே இருந்தது.

நாற்றும் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஏரியூரில் எங்களிடம் வழக்கமாகத் தக்காளி நாற்று வாங்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தட்டுகளை இறக்கி வரப்பில் வரிசையாக வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்னாங்கம்மா, எல்லாம் படுத்துக்கிட்டே வருது? வர்ற வழியில ஒறங்கிடுச்சா?"

"டயர் சரியில்லீங்க" என்றேன் நான் முந்திக்கொண்டு. "இப்பத்தான் மாத்துனோம். இன்னும் செட் ஆவல."

என் மனைவி ஒரு தட்டின் முன் குனிந்து, சாய்ந்திருந்த நாற்றுகளை ஒரு விரலால் நிமிர்த்திவிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் என்னைச் சுற்றி வேறு சிலவும் சரியில்லாமல் போயின என்பதைச் சொல்ல வேண்டும். நூலகத்தில் என் மேசை ஆட ஆரம்பித்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் கோடு வளைந்தது. மேசையின் ஒரு காலுக்கு அட்டையை மடித்துச் சொருகினேன். பிறகு இன்னொரு காலுக்கு. மை சரியாக இறங்கவில்லை என்று பேனாவை மாற்றினேன். கல்லூரி வாசல் டீக்கடையில் கண்ணாடி கிளாசை அளவுக்கு மீறிச் சூடாகக் கொடுக்கிறார்கள் என்று அங்கே போவதை நிறுத்தினேன். வீட்டிலோ காபி அரை டம்ளராகிவிட்டது. முன்பெல்லாம் தளதளவென்று நுரை தளும்ப வரும். இப்போது பாதி டம்ளர். கேட்டால் "குடிங்க, வேணும்னா இன்னொருக்கா தர்றேன்" என்பாள். பால் விலை ஏறியதுதான் காரணம் என்று முடிவு செய்து, சிக்கனம் குடும்பத்தை எப்படிச் சிறுமைப்படுத்துகிறது என்பதைப் பற்றி அவளிடம் ஒருநாள் விரிவாகப் பேசினேன். பொறுமையாகக் கேட்டாள். டயர் கடைக்காரர் கேட்டாரே, அதே பொறுமை.

இரண்டாவது தடவை டயர் கடைக்குப் போனபோது அவர் சக்கரங்களைக் கழற்றினார். நட்டுக் கழற்றும்போது அவர் கன்னடத்தில்தான் பேசுவார். அவருடைய அம்மா ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம். துரு ஏறிய நட்டு வராமல் முரண்டு பிடித்தால், "பாரோ... பாரோ..." என்று, 'வாடா, வாடா' எனப் பிள்ளையைக் கூப்பிடுவது போல் மெல்லக் கூப்பிடுவார். அதுவும் வந்துவிடும்.

கடைக்கு உள்ளே பேலன்ஸ் பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தது. அதில் சக்கரத்தை மாட்டிச் சுழல விட்டார். எந்தப் பக்கம் பாரம் கூடியிருக்கிறது என்று அது காட்டும். அதற்கு எதிர்ப்பக்கம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஈயத்துண்டுகளை வைத்து விளிம்பில் தட்டினார். அந்தத் துண்டு மிட்டாய் போல இருந்தது. இதைப் போட்டால் அவ்வளவு பெரிய சக்கரம் அடங்கும் என்று நம்ப முடியவில்லை.

"எந்தச் சக்கரமும் முழுசா வட்டம் கெடையாதுங்க சார். புதுசுலயும் ஒரு பக்கம் பாரமாத்தான் வரும். மறுபக்கம் கொஞ்சம் வெயிட்டு வெச்சா சமாளிச்சுக்கும்."

"குடும்பம் மாதிரின்னு சொல்லுங்க" என்றேன்.

"இல்லீங்க, சக்கரம் மாதிரி" என்றார். அவர் வேலை நேரத்தில் இலக்கியம் அனுமதிப்பதில்லை.

அன்று அவரே ஓட்டிப் பார்த்துவிட்டு, "வெண்ணெ மாதிரி போவுதுங்க" என்றார். நான் ஓட்டினேன். ஸ்டியரிங் நடுங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரியூர்ப் பெரியவரின் நாற்று மறுபடி படுத்தபடியே போய் இறங்கியது. எனக்கு டயர் கடைக்காரர் மேல் சந்தேகமே வந்துவிட்டது. இவர் நம்மைச் சுலபமாக எடைபோட்டுவிட்டார், படித்தவன் என்று தெரிந்ததும் ஏமாற்றுகிறார் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அவரு ஏமாத்தற ஆளில்லீங்க" என்றாள்.

"அப்ப வண்டி ஏன் ஆடுது?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிக்னல் இல்லாத இடத்தில்தான் போய்க்கொண்டிருந்தோம். ஆனாலும் அன்று அந்த இருபது நிமிடமும் அவள் பேசவில்லை. வண்டியைச் சரிசெய்யாவிட்டால் எது போய்விடும் என்று பயந்தேனோ, அது வண்டி ஓடும்போதே போய்க்கொண்டிருந்தது. மறுநாள் காலையிலேயே மூன்றாவது தடவையாக டயர் கடை. இந்த முறை அவளும் வந்தாள். வருகிறேன் என்று அவளாகவே சொன்னாள்.

கடைக்காரர் முகம் கோணவில்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முன்சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஆட்டம் இல்லை. சக்கரம் நேராக நிற்கிறதா என்று முன்னும் பின்னும் நூல் பிடித்துப் பார்த்தார். நேராகத்தான் நின்றது. டயர் உட்காரும் இரும்பு டிஸ்க்கில் நெளிவு இருக்குமோ என்று நான் கேட்டேன். இரவெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தேன். மறுபேச்சுப் பேசாமல் டயரைக் கழற்றி, அவர் கடையில் இருந்த வேறு டிஸ்க்கில் ஏற்றி, காற்றுப் பிடித்து, மறுபடி மெஷினில் வைத்து, மறுபடி ஈயம் தட்டினார். இரண்டு மணி நேர வேலை. என் மனைவி கடைக்கு முன்னால் கிடந்த பழைய லாரி டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. அதைப் பார்த்தபோதே எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் அவர் பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் கழுத்து வரைக்கும் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எதுக்குங்க?"

"எங்க வாய் வார்த்தைய எந்த டிரைவரும் நம்பறதில்லீங்க சார். தண்ணியத்தான் நம்புவாங்க. நீங்களே ஓட்டுங்க."

பழைய டியூபில் வெட்டிய ஒரு துண்டை டேஷ்போர்டு மேல் போட்டு, அதன் மேல் டம்ளரை வைத்தார். முன்சக்கர வேலை எது பார்த்தாலும் கடைசியில் இந்தத் தண்ணீர்ப் பரீட்சை உண்டாம். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன், நடுவில் மனைவி, ஓரத்தில் அவர்.

"பிரேக்க மட்டும் தொடாதீங்க. ஆக்சிலேட்டர உட்டாலே வண்டி நிக்கும். அம்பதுல புடிங்க."

அவ்வளவு ஒழுங்காக நான் அதற்கு முன்னும் பின்னும் ஓட்டியதில்லை. வண்டி முப்பதைத் தொட்டது, நாற்பது, ஐம்பது. டம்ளர் அப்படியே நின்றது. தண்ணீரின் மேல் மெல்லிய வளையங்கள் வந்து வந்து போயின. விளிம்பைத் தாண்டி ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் ஸ்டியரிங் நடுங்கியது. எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"இப்ப ஆடுது பாருங்க" என்றேன்.

கடைக்காரர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என் மனைவிக்குக் குறுக்கே கையை நீட்டி, தன் உள்ளங்கையை ஸ்டியரிங் மேல் சும்மா வைத்தார். புகைக்கறுப்பு ஏறிய கை. கொஞ்ச தூரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"ம்" என்றார்.

"தெரியுதுல்ல?"

"தெரியுதுங்க சார்."

அந்தத் 'தெரியுதுங்க'வில் எனக்கு வெற்றிப் பெருமிதம் வேறு. கடைக்குத் திரும்பி வந்து வண்டியை ஓரங்கட்டினேன். இன்ஜினை அணைத்தேன். டம்ளரில் போகும்போது இருந்த அளவு அப்படியே இருந்தது.

"அந்தத் தண்ணிய நீங்க குடிச்சிடுங்க சார். வேலை முடிஞ்சா டிரைவர்தான் குடிக்கணும். கடை வழக்கம்."

கையை நீட்டி டம்ளரை எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தண்ணீர் சட்டையில் கொட்டியது. சுதாரித்து இறுகப் பிடித்தேன், தொடையில் கொட்டியது. இறுகப் பிடிக்கப் பிடிக்க அதிகமாகக் கொட்டியது. வண்டி நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் அணைந்திருந்தது. ஆறு சக்கரமும் தரையில் அசையாமல் இருந்தன. பழி போட அருகில் எதுவும் இல்லை.

நான் என் கையைப் பார்த்தேன். மேசைக் கால், பேனா, டீக்கடை கிளாஸ், முன்சக்கரம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன.

முதலில் பேசியவர் கடைக்காரர்தான். "டம்ளர்ல எண்ணெப்பிசுக்கு இருந்திருக்கும்ங்க. வழுக்கிடுச்சு. டீக்கடைக்காரனுக்கு எத்தன தடவ சொன்னாலும் ஒழுங்கா வெளக்கறதில்ல." சொல்லிக்கொண்டே கதவைத் தூக்கித் திறந்து இறங்கிவிட்டார். முன்சக்கரத்தின் பக்கம் அவர் குந்துவது தெரிந்தது. முடுக்கி முடித்திருந்த நட்டைப் பிடித்துக்கொண்டு "பாரோ... பாரோ..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கும் வர வேண்டியிராத நட்டு அது.

என் மனைவி டம்ளரை என் கையிலிருந்து வாங்கினாள். சன்னல் வழியாகக் கொஞ்சம் தண்ணீரைக் கொட்டினாள். அளவு பார்த்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

பாதி டம்ளர். தினமும் காலையில் காபி எந்த இடம் வரைக்கும் இருக்குமோ, சரியாக அந்த இடம் வரை. குடித்தேன். ஒரு சொட்டுக் கொட்டவில்லை.

"எப்பத்துலருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"பொங்கலுக்கு. கோலப்பொடி டப்பாவ எடுத்துக் குடுத்தீங்களே, அப்பவே."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க டயர் வாங்கப் போயிட்டீங்க."

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தன் முந்தானையால் என் சட்டையைத் துடைத்தாள். ஈரம் போகவில்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சொன்னா அன்னிக்கே ஸ்டியரிங்க உட்டுருவீங்க. உங்களத் தெரியாதா எனக்கு? அப்புறம் வர மாட்டீங்க. வூட்ல உக்காந்துக்குவீங்க."

"வந்து மட்டும் என்ன பண்ணப்போறேன் நான்? மிளகா நாத்துக்கும் கத்திரி நாத்துக்கும்..."

"ஓட்டறப்ப மட்டுந்தாங்க உங்க கையில புஸ்தகம் இருக்காது" என்றாள். "அந்த நேரத்துலதான் நான் பேசறது உங்களுக்குக் கேக்குது. அதக் கெடுத்துக்க வேண்டாம்னுதான் சொல்லல."

அவளுடைய கைப்பேசி அடிக்காத இருபது நிமிடத்துக்காக நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் கையில் புத்தகம் இல்லாத அதே இருபது நிமிடத்துக்காக அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். ஐம்பத்து மூன்று வயதில், டயர் கடை முன்னால், நனைந்த பேண்ட்டோடு ஒருவனுக்கு இது தெரிய வந்தது. இடமும் உடையும் இன்னும் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கலாம்.

அந்த வாரமே தருமபுரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். எனக்கு உள்ளூர வேறு பயம். கை நடுக்கத்தில் தொடங்கி ஆளையே முடக்கிவிடும் வியாதிகளைப் பற்றி நூலகத்தில் இரண்டு தடித்த புத்தகங்கள் இருக்கின்றன. பத்து வருடத்தில் அவற்றை எடுத்துப் படித்த முதல் வாசகன் நானாகத்தான் இருப்பேன். டாக்டர் ஒரு காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். நான் வரைந்தது தொப்பூர் மலைப்பாதையின் வரைபடம் போல வந்தது. ஒரு கப்பிலிருந்து இன்னொரு கப்புக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்; அவருடைய மேசையும் கொஞ்சம் குடித்தது. நடக்கச் சொன்னார், விரலைப் பிடித்து மடக்கிப் பார்த்தார்.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். காபியின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை என்று அந்த நிமிடம் வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"பயப்படற மாதிரி வியாதி இல்லைங்க" என்றார் டாக்டர். "பரம்பரையா வர்ற கை நடுக்கம், அவ்வளவுதான். சும்மா இருந்தா தெரியாது. வேலை செய்யப்போனா நடுங்கும்."

"அது இவருக்குக் கல்யாணத்துலருந்தே இருக்குதுங்க" என்றாள் என் மனைவி.

அந்த அறையில் மூன்று பேரும் சிரித்தோம். அவள் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், பாரம் ஏற்றிய வண்டியை மட்டும் கரட்டுப் பாதையில் ஓட்ட வேண்டாம் என்றார். கேட்டுக்கொண்டேன். டிரைவர் யாரைப் பார்ப்பது என்று பேருந்தில் வரும்போது பேச்சை எடுத்தேன். என் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்ததோ, மனம் அவ்வளவு சாதாரணமாக இல்லை.

அவள் கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். அவளுடைய டிரைவிங் லைசென்ஸ். காலாவதியாகி எங்கோ பீரோவில் கிடந்ததை, எனக்குத் தெரியாமல் மாசி மாதமே புதுப்பித்து வைத்திருந்தாள். நான் புது டயருக்கு அலைந்துகொண்டிருந்த அதே வாரம்.

"நாத்து எறக்கறப்ப எந்தத் தட்டு யாருக்குன்னு சொல்றதுக்கு நான் வரணும்" என்றாள். "என்கூடப் பேசிக்கிட்டு வர்றதுக்கு ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஸ்டியரிங்கில் ஏறினாள். சீட்டை முன்னால் இழுக்கும் கம்பி துருப்பிடித்து இறுகிக் கிடந்ததால், முதுகுக்கு ஒரு தலையணை. கண்ணாடியைத் திருப்பினாள்; இத்தனை வருடமாக அது என் முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது என்றாள். காற்றுப் பிடிக்க டயர் கடையில் நிறுத்தியபோது கடைக்காரர் எங்களைப் பார்த்தார். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்தார். உள்ளே போய் இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்தார்.

"புது டயருக்குத்தானே இது?" என்றேன்.

"புது டிரைவருக்கும் வெக்கலாங்க சார். ஏறட்டும் அக்கா."

வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. அவள் டிராக்டர் ஓட்டிப் பழகியவள். பள்ளத்தைப் பார்த்தால் தூரத்திலேயே வேகத்தைத் தணித்துவிடுகிறாள். எனக்குப் பள்ளம் வந்த பிறகுதான் தெரியும். சிக்னல் போகும் இடம் வந்தது. கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல் நான் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தேன். என் கைகள் மடியில் சும்மா கிடந்தன, டாக்டர் சொன்னது போலவே நடுங்காமல். அவள் சாலையைப் பார்த்தபடி கிணற்று மேட்டில் டிராக்டர் ஏறிய கதையை மறுபடி சொன்னாள். இந்தத் தடவை அதில் புதிதாக ஒரு ஆட்டுக்குட்டி வந்தது. நான் திருத்தவில்லை.

ஏரியூரில் பெரியவர் தட்டுகளை இறக்கி வரப்பில் வரிசையாக வைத்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். ஒரு நாற்றுகூடச் சாயவில்லை.

"முன்னெல்லாம் மொத்த நாத்தும் ஒரே பக்கமாச் சாஞ்சு, கும்புடு போட்டுக்கிட்டே வந்து எறங்கும்" என்றார். "அது டயர் ஆட்டமில்லீங்கம்மா, பள்ளத்துக்குப் பள்ளம் திடும்னு அமுத்தற பிரேக்கு. நான் அன்னிக்கே பாத்தேன். படிச்சவரு மனசு நோவுமேன்னு சொல்லல." பிறகு என் பக்கம் திரும்பி, முகத்தில் சிரிப்பைக் காட்டாமல், மிகுந்த அக்கறையோடு கேட்டார்:

"அந்தப் பழைய டிரைவர நிறுத்திட்டீங்களா சார்?"